வற்றிய கண்மாயைப் படம் எடுப்பது

வறட்சிச் செய்தி எது வந்தாலும் கூடவே ஒரு படம் வரும். பாளம் பாளமாக வெடித்த தரை, நடுவே ஒரு செத்த மீனோ காலிக் குடமோ. இந்தப் படம் ஒரு கண்மாயில் எப்போது கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டல் வெடிக்க வேண்டுமென்றால் அது முதலில் நன்றாக ஊறியிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கிய சில வாரங்களில்தான் அந்த வெடிப்பு ஓரம் சுருண்டு, படத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கும். ஒரு வருஷமாகத் தண்ணீரே காணாத கண்மாயில் வெடிப்பெல்லாம் மிதிபட்டு, தூர்ந்து, புழுதி பரவியிருக்கும். ஆடு மேயும். பையன்கள் குச்சி நட்டுக் கிரிக்கெட் ஆடுவார்கள். ஆக, அந்த வெடிப்பு நமக்குச் சொல்வதெல்லாம் போன மாதம் வரை இங்கே தண்ணீர் கிடந்தது என்பதைத்தான். கரிசல் காட்டு வெடிப்பு வேறு, அது ஆழமாகப் பிளந்து அப்படியே கிடக்கும். நான் சொல்வது கண்மாயின் உள்வாயை, அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பரப்பை.

நான் படம் எடுப்பது பெரும்பாலும் மானாமதுரைக்கும் முதுகுளத்தூருக்கும் இடைப்பட்ட கண்மாய்களில். ராமநாதபுரம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே வந்துவிடும். அதைப் பிடித்து வைக்க வெட்டியவைதான் இந்தக் கண்மாய்கள். பரப்பு பெரிது, ஆழம் குறைவு. மார்கழியில் நிறைந்து கிடக்கும். தை, மாசியில் வயலுக்குப் பாயும். மீதியை வெயில் குடித்துவிடும். பங்குனி, சித்திரையில் தரை தெரியும். நல்ல மழை பெய்த வருஷத்திலும் இதுதான் நடக்கும். சித்திரையில் வற்றிய கண்மாய் தன் வேலையை முடித்துவிட்டு ஓய்ந்திருக்கிறது. மார்கழியில் வற்றிக் கிடந்தால்தான் ஊருக்குக் கேடு.

2016-இல் அப்படித்தான் ஆனது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. அந்த மார்கழியில் எடுத்த படங்களையும், பின்னால் வந்த ஒரு நல்ல வருஷத்தின் சித்திரையில் எடுத்த படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உள்வாய் ஒரே மாதிரிதான் இருக்கிறது. அதே புழுதி, அதே முள். ஒன்று பஞ்சம், இன்னொன்று பருவம். இந்த வித்தியாசத்தைப் படத்துக்குள்ளேயே எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் என்னைத் திரும்பத் திரும்பக் கண்மாய்க் கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அதில் கைகூடி வந்த சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் காரியம், உள்வாய்க்குள் இறங்காமல் கரைமேல் ஏறி நிற்பது. கரைக்கு ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் அது பாய்கிற வயல். கரையை பிரேமின் நடுவே நீளவாக்கில் ஓடவிட்டு இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி வைட் லென்ஸில் எடுங்கள். நல்ல வருஷத்துச் சித்திரையில் உள்ளே வறண்டிருந்தாலும் வெளியே அறுத்த நெல்லின் தாள் வரிசை வரிசையாக நிற்கும், வைக்கோல் போர் இருக்கும். 2016 மார்கழியில் வெளிப்பக்கம் வேறு கதை. இந்தப் பக்கத்தில் ஆவணி, புரட்டாசியிலேயே மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிடுவார்கள். அந்த விதை ஒரு தூறலில் முளைத்து, விரல் உயரத்தில் பழுப்பாகிச் சுருண்டு கிடந்தது. வற்றிய கண்மாயைவிட அந்தப் பயிர்தான் அந்த வருஷத்தைச் சொல்கிறது. கரை வளைந்து இரண்டு பக்கமும் ஒரே பிரேமில் அடங்கவில்லை என்றால் நின்ற இடத்திலேயே திரும்பி நின்று இரண்டு படம் எடுத்து ஜோடியாக வையுங்கள். எனக்கு அந்த ஜோடிப் படங்கள்தான் அதிகம் பிடிக்கும்.

நிழலும் மாதத்தைச் சொல்லும். நம் பக்கத்தில் சித்திரை பிறக்கும் சமயம் உச்சிவெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் இருக்கும், பனையின் நிழல் அதன் தூரிலேயே சுருண்டுவிடும். மார்கழி உச்சியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அதே பனையின் நிழல் பாதி உயரத்துக்கும் மேலாக வடக்கே நீளும். பழகிய கண்ணுக்கு இது போதும். அதனால் நடுப்பகல் வெளிச்சம் ஆகாது என்ற பாடத்தை நான் கண்மாயில் கடைப்பிடிப்பதில்லை. காலையிலும் மாலையிலும் எடுத்தால் எல்லாமே பொன்னிறமாக, எந்த மாதம் என்றே தெரியாமல் அழகாகிவிடும். வறட்சியை நான் பன்னிரண்டு மணிக்கும் எடுக்கிறேன்.

இன்னொன்று, தண்ணீர் நின்ற உயரம். கண்மாய் வற்றினாலும் அந்தக் கோடு போகாது. பழைய கண்மாய்களில் உள்வாய்க்குள் கரையிலிருந்து சற்றுத் தள்ளி இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே கல் பலகை இருக்கும். அதுதான் குமிழிமடை, கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் மடை. பாண்டியர் காலத்து மடைகளில் சிலவற்றில் எழுத்துகூட வெட்டியிருக்கும். அந்தத் தூணைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அடியில் வண்டல் அப்பிய சாம்பல் நிறம், அதற்கு மேலே காய்ந்து கறுத்த பாசி, அதற்கும் மேலே வெளுத்த கல். பாசி முடியும் இடத்தில் நத்தைக்கூடு ஒட்டியிருக்கும், தொட்டால் உதிரும். அந்தப் பாசிக் கோட்டுக்கு நேராக ஓர் ஆளை நிறுத்தி எடுத்தால் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று சொல்லாமலே தெரியும். வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்து எடுங்கள், நேர் வெளிச்சத்தில் பாசியின் சொரசொரப்பு தட்டையாகிவிடும்.

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கிலும் இப்படித்தான். வரிசையாக நட்ட கற்களில் எவ்வளவு உயரத்துக்குக் கறை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கலுங்கு தாண்டிய தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. சங்கிலியில் கடைசிக் கண்மாயின் கலுங்கில் பல சமயம் கறையே இருக்காது. ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். அவ்வளவு பெரிய கண்மாய் ஒரே பிரேமில் எங்கே அடங்கும்? மடை மடையாகத்தான் எடுக்க முடியும்.

வெள்ளத்தின் அளவும் அது போன பிறகுதான் நிதானமாகப் படமாகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. மாதங்கள் கழித்து அந்தக் கரையில் நடந்தபோது தலைக்கு மேலே கிளைகளில் வைக்கோலும் கிழிந்த சேலையும் பிளாஸ்டிக் சாக்கும் ஒரே மட்டத்தில் தொங்கின. கீழே ஆறு முழங்காலளவு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மட்டத்தை பிரேமின் மேல் ஓரத்திலும் ஓடுகிற தண்ணீரைக் கீழ் ஓரத்திலும் வைத்தேன். நடுவே இருந்த வெறும் இடைவெளிதான் படம்.

பச்சை நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வற்றிய கண்மாயில் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கும். வேர் ஆழத்தில் ஈரம் தேடிக்கொள்வதால் சித்திரையிலும் பசுமை குறையாது. கலர் படத்தில் பார்த்தால் செழிப்பான தோப்பு மாதிரி இருக்கும், வெளியூர்க்காரர்கள் எவ்வளவு பசுமை என்பார்கள். இதற்கு நேர் எதிராக, மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் ஆகாயத்தாமரை மூடியிருக்கும். அடியில் தண்ணீர் கிடக்கும், படத்தில் புல்வெளிதான் தெரியும். தண்ணீர் இல்லாத இடம் பச்சையாக, தண்ணீர் இருக்கும் இடம் தரையாக! இரண்டுக்கும் நான் கண்டுகொண்ட வழி ஒன்றுதான்: அந்தப் பச்சையில் ஓர் இடைவெளியைத் தேடுவது. கருவேலத்துக்கு அடியில் குனிந்து வெடித்த தரையும் தூரும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். ஆகாயத்தாமரையில் எருமை புகுந்து போன தடம் கிடைத்தால் அதில் ஒரு கோடு வானம் தெரியும். கருவேலப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி அந்தப் பொய்ப் பசுமையை எடுத்துவிடுவதும் உண்டு. என் மனசுக்கு அது நேர்மையான மாற்றமாகத்தான் படுகிறது.

சரி, ஒரே இடத்தை மழைக்காலத்திலும் கோடையிலும் எடுத்து ஒப்பிடுவது எப்படி? தண்ணீர் வந்ததும் கண்மாயில் அடையாளம் எல்லாம் மூழ்கிவிடும். ஆகவே, நிற்கும் இடத்தைக் கரையிலேயே தேர்ந்தெடுங்கள். கரைகளில் பெரும்பாலும் ஓர் ஐயனார் கோவிலோ பழைய பனையோ மடைச்சுவரோ இருக்கும். அங்கிருந்து தெரிகிற இரண்டு பொருள்களை, ஒன்று பக்கத்தில் ஒன்று தூரத்தில், ஒரே நேர்கோட்டில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு கண்மாயில் மடைத்தூணையும் அக்கரையிலுள்ள தண்ணீர்த் தொட்டியையும் வைத்திருக்கிறேன். தூணுக்குப் பின்னால் தொட்டி சரியாக மறைந்தால் நான் பழைய கோட்டில் நிற்கிறேன் என்று அர்த்தம். ஓரடி தள்ளி நின்றாலும் தொட்டி எட்டிப் பார்க்கும். தூண் எந்த வருஷத்திலும் முழுதாக மூழ்காது என்று ஊரில் கேட்டுத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். அப்புறம் லென்ஸின் ஃபோக்கல் நீளம், ட்ரைபாட் உயரம், அடிவானம் பிரேமில் எங்கே இருந்தது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். பழைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஓரங்களை ஒப்பிட்டால் போதும். இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, ஒரே போனில் ஜூம் செய்யாமல் எடுத்தாலே நன்றாக வரும்.

லென்ஸின் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தண்ணீரைப் படம் எடுப்பவர்கள் அதை மாட்டிவிட்டுக் கழற்றுவதே இல்லை. தை மாதம் வண்டல் படிந்து தண்ணீர் தெளிந்த பிறகு, வெயில் பக்கவாட்டில் இருக்கும்போது, சற்றுக் குனிந்த கோணத்தில் பார்த்து அதைத் திருப்பினால் மேற்பரப்பின் பளபளப்பு விலகி அடியில் அல்லித்தண்டும் பாசியும் தெரியும், அருமையாக இருக்கும். கார்த்திகையில் தண்ணீர் செம்மண் கலங்கலாக இருப்பதால் அங்கே பெரிய பயன் இல்லை. ஈரச் சகதியில் மாட்டினால் அது பொய்யே சொல்லும். சகதி ஈரமாக இருக்கிறது என்பதற்குப் படத்தில் சாட்சி அந்தப் பளபளப்புதான். அதை ஃபில்டர் எடுத்துவிட்டால் ஈரத்தரை காய்ந்த தரையாகத் தெரியும். தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் பங்குனி நாட்களில் அதைப் பையிலேயே விட்டுவிடுகிறேன்.

காய்ந்த வண்டல் வெளுப்பாக இருப்பதால் கேமராவின் மீட்டர் அதை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூட்டி வையுங்கள், கேமராத் திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டாத வரைக்கும். நிறைந்த கண்மாயில் வேறு சிக்கல். தண்ணீரில் விழுகிற வானம் மேலே இருக்கிற வானத்தைவிடக் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். போன்கள் இரண்டையும் ஒரே வெளிச்சமாக்கிவிடுகின்றன, பார்த்ததும் ஏதோ ஒட்டவில்லை என்று தோன்றும். எடிட் செய்யும்போது கீழ்ப்பாதியை ஒரு படி குறைத்துவிட்டால் சரியாகிவிடும். அசையாத பிம்பம் வேண்டுமென்றால் விடிந்த கையோடு எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும்.

கானல் நீரையும் விடாதீர்கள். நடுப்பகலில் தட்டையான உள்வாயின் ஓரத்தில் கேமராவைத் தரையை ஒட்டிப் பிடித்து, 300 மில்லிமீட்டர் மாதிரி நீள லென்ஸில் தூரத்து ஆட்டுமந்தையைப் பாருங்கள். சூடான காற்று வானத்து வெளிச்சத்தை வளைப்பதால் தரை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளித் தகடாகத் தண்ணீர் தெரியும், ஆடுகளின் கால்கள் அதில் கரைந்து தலைகீழாகவும் தெரியும். கேமராவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் காணாமல் போய்விடும். அலைகிற காட்சி என்பதால் ஷட்டர் வேகமாக, ஆயிரத்தில் ஒரு நொடி அளவில் இருக்கட்டும். தொடர்ச்சியாகப் பல படம் எடுத்து நல்லதைப் பொறுக்க வேண்டும். தண்ணீர் இல்லாமையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் காட்சி வேறொன்றை நான் பார்த்ததில்லை. இதே சூட்டுக் காற்றுதான் மற்ற தூரப் படங்களைக் கலங்கலாக்கும் என்பதால் அந்த வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி நடக்கும் விஷயம். வற்றுகிற கண்மாயின் மேல் தட்டு காய்ந்து கெட்டியாகத் தெரியும், உள்ளே இடுப்பளவு சகதி இருக்கலாம். கண்மாய்த் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சும் ஒரு நீர்ப்பாய்ச்சி ஐயா என்னைக் கரையிலேயே நிறுத்திச் சொன்னார்: "தம்பி, மேல காஞ்சிருக்கும், உள்ள தொளி கெடக்கும். ஆட்டுத்தடம் பாத்து வாங்க. ஆடு போகாத எடத்துக்கு நீங்களும் போகாதீங்க." அதுவே இன்றுவரை எனக்கு விதி. தனியாக இறங்குவதில்லை. வண்டல் அள்ளிய பள்ளங்கள் மழைக்குப் பிறகு தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும். அதனால் கோடையிலேயே அவை எங்கே இருக்கின்றன என்று படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். லென்ஸ் மாற்றுவதெல்லாம் வண்டிக்குப் பக்கத்தில்தான். அந்தப் புழுதி சென்சாரில் ஒட்டினால் லேசில் போகாது.

தண்ணீர் இருக்கிறது என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் ஒரு கட்டம் வரும். முழங்காலளவு மிஞ்சியிருக்கும்போது சிவகங்கை, மேலூர்ப் பக்கத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். விடியற்காலையில் சுற்று வட்டார ஜனம் முழுக்க மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடை, கச்சா, வலையோடு கரையில் காத்து நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். விராலும் கெளுத்தியும் கெண்டையும் கிடைக்கும். பிடித்ததை விற்காமல் வீட்டுக்கு எடுத்துப் போய்க் குழம்பு வைப்பதுதான் வழக்கம். எல்லா கேமராவும் அந்த ஓட்டத்தைத்தான் எடுக்கின்றன. நான் ஜனம் கலைந்த பிறகும் இருப்பேன். கலங்கிய தண்ணீர் ஓரமாக ஒதுங்கியதும் உள்வாய் முழுக்கக் கால் புதைந்த குழிகள் தெரியும். பெரிய கால், பிள்ளைக் கால், ஊத்தாவின் வட்டத் தடம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு துண்டு வானம். வைட் லென்ஸைக் குழிக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்து, தூரத்துக் கரை வரை ஃபோக்கஸ் இருக்கிற மாதிரி f/11-இல் எடுத்தால் ஊரே பிரேமுக்குள் வந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் அந்தக் குழிகள் ஓடு மாதிரி இறுகிவிடும். அடுத்த மழை வரைக்கும் ஆடுகள் அவற்றில் இடறி இடறித்தான் போகும். மறுபடியும் அதே இடத்துக்குப் போய் அதையும் எடுங்கள். ஆள் ஒருவரும் இல்லாத நிலக்காட்சிதான், ஆனால் எத்தனை பேர் அதில் இருக்கிறார்கள்!

தண்ணீர் வந்து சேரும் நேரத்தைப் படமாக்க எனக்கு வாய்க்கிற இடம் வைகை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். மதுரைக்கு மேலே ஆளில்லாத ஓரிடத்தில் காய்ந்த மணலில் காத்திருந்தால் நுனித்தண்ணீர் வருவதைப் பார்க்கலாம். நாம் நினைக்கிற மாதிரி பாய்ந்து வராது. பழுப்பு நுரையும் சருகும் குப்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு நடை வேகத்தில் வரும். அதற்கு முன்னால் எறும்பும் வண்டும் ஓடும். மணல் அதை உறிஞ்சும்போது சின்னச் சின்னக் குமிழி கிளம்பி ஒரு சீறல் சத்தம் கேட்கும். நுனி ஒரு பள்ளத்தில் நின்று, நிறைந்து, அப்புறம்தான் மேலே நகரும். இதை எடுக்க ட்ரைபாடை நுனி வரும் பாதைக்குப் பக்கவாட்டில், மேட்டில் வைத்து, அசையாமல் பத்து விநாடிக்கு ஒரு படம் என்று ஓடவிடுங்கள். ஒரே பிரேமில் பாதி காய்ந்த மணல், பாதி ஈரம் என்று ஒரு கட்டத்தில் வரும். தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்ற அறிவிப்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், ஆற்றின் நடுவில் நிற்காதீர்கள்.

மேட்டூர் அணையில் தண்ணீர் குறைந்தால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். 1934-இல் அணை முடிந்தபோது மூழ்கிப்போன ஊர்களின் மிச்சம் அவை. போய்ப் பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அங்கே எல்லோரும் கோபுரத்தை மட்டும் எடுக்கிறார்கள். தண்ணீர் இறங்க இறங்க அந்தச் சரிவில் படிப்படியாக விழுந்த கரைக்கோடுகளையும், ஈரம் காய்வதற்குள் அங்கே விவசாயம் செய்கிறவர்களின் பயிரையும் சேர்த்து எடுத்தால்தான் 120 அடி அணையின் ஏற்ற இறக்கம் புரியும்.

அனுமதி விஷயத்தில் கவனம் வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்கள். அங்கே வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூடு கட்டும் காலத்தில் மரங்களுக்குக் கிட்டப் போகவே கூடாது, டிரோன் பறக்கவிடுவதை நினைக்கவும் கூடாது. மற்ற கண்மாய்களில் ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டு இறங்குங்கள். ஐயனார் கோவில் பக்கம் செருப்பைக் கழற்றுங்கள். எடுத்த படங்களில் சிலவற்றைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்தபோதுதான் எந்த வருஷம் கலுங்கு பாய்ந்தது, எந்த வருஷம் மடையே திறக்கவில்லை என்று பெரியவர்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அதையெல்லாம் அங்கேயே படத்தின் பின்பக்கத்தில் எழுதிவிடுகிறேன். கோப்புப் பெயரிலும் ஊர், தமிழ் மாதம், வருஷம், மடைத்தூணில் தண்ணீர் நின்ற உயரம் எல்லாம் இருக்கும். மார்கழி வறட்சியும் சித்திரை வறட்சியும் பத்து வருஷம் கழித்து என் கணினியில்கூடக் கலந்துவிடக் கூடாது.

தொடங்குவதாக இருந்தால் புரட்டாசியில் தொடங்குங்கள். மழைக்கு முன்னால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே முள் என்று வெறும் கண்ணுக்கே தெரியும். வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாய் ஒன்று போதும். கரையில் நிற்கும் இடத்தைக் குறித்து, உள்வாயையும் வயலையும் தலா ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த மறுநாள் காலை அதே இடத்துக்குப் போனால் அடுத்த ஜோடி கிடைக்கும்.